பெல்ஜியன் பாணி ஐ.பி.ஏ.வைச் சுவைத்து மதிப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெல்ஜியன் பாணி ஐ.பி.ஏ. என்றால் என்ன?

இந்தியா பேல் ஏல் என்னும் பீர் வகையையே சுருக்கமாக ஐ.பி.ஏ. என்கிறோம். ஹாப்ஸ் கொடியின் பூக்கள் தரும் கசப்பும் மணமும்தான் அதில் முன்னிற்கும். பெல்ஜியத்தின் வெளிர்நிற, வலுவான ஏல்களிலோ ஈஸ்ட் உண்டாக்கும் பழ மணமும் மசாலா மணமுமே முன்னிற்கும். இவ்விரண்டையும் ஒரே பீரில் சேர்த்துப் பார்த்ததன் விளைவுதான் இந்தப் பாணி. அமெரிக்க ஐ.பி.ஏ. செய்முறையை அப்படியே வைத்துக்கொண்டு ஈஸ்ட்டை மட்டும் பெல்ஜிய ஈஸ்ட்டாக மாற்றினால் ஒரு வடிவம் கிடைக்கும். ட்ரிப்பெல் என்னும் வெளிர்நிற, வலுவான பெல்ஜிய ஏலில் ஹாப்ஸின் அளவைக் கூட்டினால் இன்னொரு வடிவம் கிடைக்கும். முதலாவதில் ஹாப்ஸ் மேலோங்கியிருக்கும், இரண்டாவதில் ஈஸ்ட் மேலோங்கியிருக்கும். இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுவதால், கையில் இருப்பது எந்த வழியில் வந்தது என்பதை அறிந்துகொள்ளாமல் மதிப்பிடத் தொடங்கினால் தீர்ப்பு பிசகிவிடும்.

பீர் நடுவர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் அளிக்கும் அமெரிக்க அமைப்பான பி.ஜே.சி.பி., தன் 2015ஆம் ஆண்டு வழிகாட்டியில் இதைச் சிறப்பு ஐ.பி.ஏ. என்ற தலைப்பின்கீழ் ஓர் உட்பிரிவாக வைத்தது. அதன்படி ஆல்கஹால் 6.2 முதல் 9.5% வரையிலும், கசப்பு 50 முதல் 100 ஐ.பி.யு. வரையிலும் இருக்கலாம். ஐ.பி.யு. என்பது கசப்பை அளக்கும் அலகு. ஒரு லிட்டர் பீரில் உள்ள, ஹாப்ஸிலிருந்து வரும் கசப்புப் பொருளான ஐசோ ஆல்ஃபா அமிலத்தின் மில்லிகிராம் அளவோடு ஏறத்தாழ ஒத்துப்போகும்.

இது எப்போது, எங்கே தொடங்கியது?

2000களின் நடுப்பகுதியில், அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில். பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் 1982இல் தொடங்கப்பட்ட அஷூஃப் ஆலை, 9% ஆல்கஹால் கொண்ட ஹூப்லோன் ஷூஃப் பீரை 2006இல் வெளியிட்டது. அமெரிக்காவின் அமரில்லோ, டோமஹாக் ஹாப்ஸ்களோடு செக் நாட்டின் சாட்ஸ் ஹாப்ஸும் அதில் சேர்ந்தது. பெல்ஜியத்தின் டுவெல் நிறுவனம் சாட்ஸ், ஸ்டைரியன் கோல்டிங் என்ற தன் வழக்கமான இரண்டு ஹாப்ஸ்களோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்து 2007இல் ட்ரிப்பெல் ஹாப் என்ற பீரை வெளியிட்டது. அமெரிக்கத் தரப்பில் கலிஃபோர்னியாவின் ஸ்டோன் ஆலை 2008இல் காலி-பெல்ஜிக் என்ற பீரைக் கொண்டுவந்தது. அது ஸ்டோனின் ஐ.பி.ஏ.வைப் பெல்ஜிய ஈஸ்ட்டால் நொதிக்கவைத்துப் பெறப்பட்டது. மேலே சொன்ன இரண்டு வழிகளுக்கும் இவை நல்ல எடுத்துக்காட்டுகள்.

சுவைப்பதற்கு முன் என்னென்ன ஏற்பாடுகள் தேவை?

கிளாஸ் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதே முதல் ஏற்பாடு. பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். சோப்பின் மிச்சமோ எண்ணெய்ப் பசையோ இருந்தால் நுரை சட்டென்று அடங்கிவிடும். பழி பீரின்மேல் விழும். பீரை ஊற்றியபின் கிளாஸின் உட்சுவரில் குமிழிகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றால், அந்த இடத்தில் அழுக்கு இருக்கிறது என்று பொருள். அப்படியொரு கிளாஸில் நுரைக்கு மதிப்பெண் போடக் கூடாது. வேறு கிளாஸில் மீண்டும் ஊற்ற வேண்டும்.

வாய் சற்றே குறுகி, நடுப்பகுதி அகன்ற டுலிப் கிளாஸ் இதற்கு ஏற்றது, ஏனெனில் மணம் உள்ளே தேங்கி நிற்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். பீரின் வெப்பநிலை தொடக்கத்தில் 7 அல்லது 8 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். சுவைக்கச் சுவைக்க அது 12 டிகிரியை எட்டும்போது முன்பு ஒளிந்திருந்தவை வெளிவரும். குளிர்பெட்டியில் உறையும் அளவுக்குக் குளிர்ந்த பீரை உடனே முகர்ந்துவிட்டு மணமே இல்லை என்று எழுதுவது அநியாயம். சோப்பு, வாசனைத் திரவியம், புகை ஆகியவை அறையில் இருக்கக் கூடாது. அருகில் தண்ணீரும், உப்போ வெண்ணெயோ படாத வெறும் ரொட்டியும் இருந்தால் போதும்.

புட்டியின் அடியில் படிந்திருக்கும் ஈஸ்ட்டைச் சேர்த்து ஊற்றலாமா?

பெல்ஜியப் பாணி பீர்கள் பலவும் புட்டிக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிப்பவை. ஆகவே அடிவண்டல் இருப்பது இயல்பு. மதிப்பிடும்போது வண்டல் கலங்காமல் மெல்ல ஊற்றி, கடைசி விரற்கடையை புட்டியிலேயே விட்டுவிடுங்கள். வண்டல் கலந்தால் ஈஸ்ட்டின் கார மணமும் ஒருவகை மாவுத்தன்மையும் ஏறி, ஹாப்ஸின் நுட்பங்களை மூடிவிடும். மதிப்பீடு முடிந்தபின் அதையும் ஊற்றிக் குடிப்பது உங்கள் விருப்பம்.

முதலில் பார்க்க வேண்டுமா, முகர வேண்டுமா?

முகர வேண்டும். எளிதில் ஆவியாகும் மணங்கள் முதல் ஒன்றிரண்டு நிமிடங்களில் பறந்துவிடும். நிறம் எங்கும் போய்விடாது. ஊற்றிய உடனே மூக்கைக் கிளாஸுக்கு அருகில் கொண்டுபோய், நீளமாக இழுக்காமல், குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று முறை முகருங்கள். தோன்றிய முதல் சொல்லை உடனே எழுதிவிடுங்கள், அது சரியா தவறா என்று யோசிக்காமல். மூக்கு ஒரே மணத்துக்கு விரைவில் பழகிவிடும் என்பதால் இடையில் சில நொடிகள் சாதாரணக் காற்றைச் சுவாசித்துவிட்டு மீண்டும் முகர வேண்டும். பிறகு உள்ளங்கையால் கிளாஸின் வாயை மூடி, லேசாகச் சுழற்றி, கையை எடுத்த கணத்தில் மறுபடி முகர்ந்தால் அடியில் இருந்த மணங்கள் எழும். நடுவர்கள் பத்து நிமிடம் கழித்து மூன்றாவது முறையும் முகர்வார்கள். குறைகள் பெரும்பாலும் அப்போதுதான் பிடிபடும்.

அந்த மணத்தில் எதை எதிர்பார்க்க வேண்டும்?

ஹாப்ஸ் தரப்பில் சிட்ரா, அமரில்லோ போன்ற அமெரிக்க ரகங்கள் என்றால் ஆரஞ்சு, எலுமிச்சை, மாம்பழம் போன்ற பழச் சாயலும், பைன் பிசின் வாடையும் வரலாம். சாட்ஸ் போன்ற ஐரோப்பிய ரகங்கள் என்றால் பூவும் மூலிகையும் கலந்த மென்மையான மணம் வரும். நொதித்தல் முடிந்தபின் குளிர்ந்த பீரில் ஹாப்ஸை ஊறவைக்கும் டிரை ஹாப்பிங் முறை பயன்பட்டிருந்தால், அறுத்த புல்லின் வாடை லேசாக இருக்கலாம். லேசாக இருக்கும்வரை அது குறையில்லை.

ஈஸ்ட் தரப்பில் இரண்டு வகை. எஸ்டர்கள் பழ மணம் தருபவை: ஐசோஅமைல் அசிட்டேட் வாழைப்பழத்தையும், எத்தில் ஹெக்ஸனோயேட் ஆப்பிளையும் நினைவூட்டும். பீனால்கள் மசாலா மணம் தருபவை. மால்ட்டில் இருந்து, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தில் இருந்து, பெரூலிக் அமிலம் கரைந்து வருகிறது. பெல்ஜிய ஈஸ்ட்கள் பலவும் அதை 4-வினைல் குவையகாலாக மாற்றுகின்றன. இதுதான் கிராம்பு மணம். அமெரிக்க ஏல் ஈஸ்ட்டால் நொதித்த பீரில் இதே மணம் வந்தால் நடுவர் காட்டு ஈஸ்ட் புகுந்துவிட்டதோ என்று சந்தேகிப்பார். இங்கே அது பாணியின் அடையாளம். ஆனால் லேசாக இருக்க வேண்டும். வாயும் மூக்கும் மரத்துப்போகும் அளவுக்குக் கிராம்பு ஏறினால், அது ஹாப்ஸை விழுங்கிவிட்டது என்று குறிப்பெழுத வேண்டும்.

மால்ட்டின் மணம் பின்னணியில் மட்டும் இருந்தால் போதும். ரொட்டி போன்ற தானிய இனிமை இருக்கலாம். கேரமல் வாடை தூக்கலாக இருந்தால் எனக்கு அது இந்தப் பாணிக்கு அந்நியமாகவே படுகிறது.

நிறத்துக்கும் நுரைக்கும் எவ்வளவு முக்கியத்துவம்?

பி.ஜே.சி.பி. மதிப்பெண் தாளில் மொத்தமுள்ள 50 மதிப்பெண்ணில் தோற்றத்துக்கு 3 மட்டுமே. வெளிர் பொன்னிறத்தில் இருந்து இளஞ்செம்பு நிறம் வரை ஏற்கலாம். டிரை ஹாப்பிங்காலும் ஈஸ்ட்டாலும் சற்றுக் கலங்கியிருப்பது இயல்பு. நுரை நிறைய எழுந்து, நெடுநேரம் நின்று, வடியும்போது கிளாஸின் சுவரில் வலைபோல் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

கசப்பை எப்படி மதிப்பிடுவது?

இந்தப் பாணியின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகின்றன. ஆகவே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஐ.பி.யு. எண் நாக்கில் உணரும் கசப்பைச் சொல்லிவிடாது. ஒரே 60 ஐ.பி.யு. கொண்ட இரண்டு பீர்களில், மீதச் சர்க்கரை அதிகமுள்ள பீர் சாதுவாகத் தோன்றும். சர்க்கரை முழுவதும் நொதித்துத் தீர்ந்துபோன பீர் சீறும். பெல்ஜிய ஈஸ்ட் சர்க்கரையை ஆழமாகத் தின்னும். அதோடு காய்ச்சும்போது எளிய சர்க்கரைப் பாகு சேர்ப்பதும் உண்டு, அது முழுமையாக நொதித்து, பீரின் உடலை, அதாவது வாயில் உணரும் அடர்த்தியை, இன்னும் மெலிதாக்கும். அதற்கு மேல் கார்பன் டை ஆக்சைடு அதிகமாகக் கரைந்திருப்பதால் நாக்கில் ஒரு குத்தல் சேர்கிறது. பீனால்களும் தம் பங்குக்குக் கசப்பைக் கூர்மையாக்குகின்றன. ஆகவே அமெரிக்க ஐ.பி.ஏ.வில் இனிமையாக அடங்கிய அதே அளவு ஹாப்ஸ், இங்கே அளவுக்கு மீறியதாகத் தோன்றக்கூடும். இதை அறியாத ஆலைகள், நன்கு விற்பனையாகும் தம் ஐ.பி.ஏ.வில் ஈஸ்ட்டை மட்டும் மாற்றிவிட்டுக் கையைப் பிசைகின்றன. ஈஸ்ட்டையும் ஹாப்ஸையும் பொருத்தமறிந்து தேர்ந்தெடுக்காவிட்டால் அவை கடுமையாக மோதிக்கொள்ளும் என்று பி.ஜே.சி.பி. வழிகாட்டியே எச்சரிக்கிறது.

மோதலை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு மிடறு எடுத்து, நாக்கு முழுவதும் படும்படி உருட்டி, விழுங்கியபின் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். நல்ல பீரில் முதலில் பழமும் கிராம்பும், பிறகு ஹாப்ஸின் சுவை, கடைசியில் சுத்தமாக வடியும் கசப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அல்லது ஈஸ்ட்டின் ஆரஞ்சு எது, ஹாப்ஸின் ஆரஞ்சு எது என்று பிரிக்க முடியாதபடி கலந்து வரும். மோதுகிற பீரில் விழுங்கிய ஐந்தாறு நொடிகளுக்குப் பிறகு, மாத்திரையைக் கடித்ததுபோல ஒரு மருந்துச் சுவை தொண்டையில் தங்கும். பைன் பிசின் வாடை மிகுந்த ஹாப்ஸும் கிராம்பு தூக்கலான ஈஸ்ட்டும் சேர்ந்த பீர்களில் இதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். எலுமிச்சை, ஆரஞ்சு சாயலுள்ள ஹாப்ஸ்களுக்கு இந்த ஈஸ்ட்களோடு நல்ல ராசி.

கசப்பும் துவர்ப்பும் ஒன்றா?

இல்லை, இரண்டையும் குழப்பிக்கொள்வது புதிய நடுவர்களிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படும் பிழை. கசப்பு நாக்கு அறியும் சுவை. இங்கே துவர்ப்பு என்று நடுவர்கள் குறிப்பது ஒரு தொடு உணர்வு: ஈறும் உட்கன்னமும் வறண்டு சுருங்குவது. சோதிப்பது எளிது. விழுங்கியபின் நாக்கின் நுனியால் மேல் ஈற்றைத் தடவிப் பாருங்கள். வழுக்காமல் சொரசொரப்பாக இருந்தால் அது துவர்ப்பு. டிரை ஹாப்பிங்கில் ஹாப்ஸை மிகுதியாகவோ அதிக நாட்களோ ஊறவிட்டால் பாலிபீனால்கள் கரைந்து இப்படி ஆகும். கசப்பு 90 ஐ.பி.யு. இருந்தாலும் பாணிக்குப் பொருந்தும். துவர்ப்பு சிறிதளவு மிகுந்தாலும் மதிப்பெண் குறையும்.

வாயில் அது எப்படி உணரப்பட வேண்டும்?

உடல் மெலிதாகவோ நடுத்தரமாகவோ, குமிழி நிறைவாக, முடிவு வறட்சியாக, அதாவது இனிப்பு மிஞ்சாமல். வலுவான பீர்களில் ஆல்கஹாலின் இளஞ்சூடு நெஞ்சில் பரவலாம். தொண்டை எரியக் கூடாது. எரிந்தால், நொதிக்கும் தொட்டி அளவுக்கு மீறிச் சூடாகி, உயர் ஆல்கஹால்கள் உண்டாகியிருக்கும்.

எவையெல்லாம் உண்மையான குறைகள்?

வெண்ணெய் வாடையை முதலில் சொல்கிறேன், ஏனெனில் ஹாப்ஸ் மிகுந்த இந்தக் காலத்துப் பீர்களில் அது எதிர்பாராத வழியில் வருகிறது. டைஅசிட்டைல் என்னும் பொருளே அதற்குக் காரணம். ஹாப்ஸில் இயல்பாக உள்ள நொதிகள், ஈஸ்ட்டால் தின்ன முடியாத நீண்ட சர்க்கரைகளை உடைத்துத் தின்னத் தக்கவையாக்கும். அடங்கியிருந்த ஈஸ்ட் மீண்டும் வேலையைத் தொடங்கும். அதன் பக்க விளைவாக டைஅசிட்டைலின் முன்னோடிப் பொருள் உருவாகும். அந்த நேரத்தில் பீரை அவசரமாகக் குளிர்வித்துப் புட்டியில் அடைத்தால், பின்னர் அது வெண்ணெய் வாடையாக மாறிவிடும். இதே மறுநொதிப்பால் புட்டிக்குள் அழுத்தம் ஏறி, திறந்தவுடன் பீர் பொங்கி வழிவதும் உண்டு. சந்தேகம் வந்தால் கிளாஸை இரண்டு கைகளாலும் பொத்திச் சூடாக்கி முகருங்கள். வெண்ணெய் என்றால் வாடை கூடும், நாக்கிலும் ஒரு வழுவழுப்பு தெரியும்.

பச்சை ஆப்பிள் வாடை அசிட்டால்டிஹைடால் வருவது. நொதித்தல் முழுமையடையவில்லை என்பதன் அறிகுறி. ஈஸ்ட் எஸ்டரின் கனிந்த ஆப்பிளோடு இதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு: எஸ்டர் இனிப்பாக மணக்கும், இது பச்சையாக, பெயின்ட்டை நினைவூட்டும்படி இருக்கும். வேகவைத்த சோள வாடை டைமெத்தில் சல்பைடால் வருவது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை ஆக்சிஜன் பட்டுப் பழசாகியதைக் காட்டும். பிளாஸ்திரி, கிருமிநாசினி வாடை வந்தால் அதைக் கிராம்பின் உறவென்று மன்னித்துவிடாதீர்கள். குளோரின் கலந்த நீரோ, சுத்திகரிப்புத் திரவமோ, வேண்டாத நுண்ணுயிரோ அதற்குக் காரணமாக இருக்கும். ஸ்கங்க் என்னும் விலங்கின் துர்நாற்றம் போன்ற வாடை வெளிச்சத்தால் வருவது: ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் ஒளி பட்டுச் சிதைந்து, மிக நுண்ணிய அளவிலேயே மூக்கில் ஏறும் ஒரு கந்தகச் சேர்மமாக மாறுகின்றன. பழுப்புப் புட்டி ஓரளவு காக்கும். பச்சைப் புட்டியும் நிறமற்ற புட்டியும் காப்பது குறைவு.

மதிப்பெண் எப்படிப் பிரிக்கப்படுகிறது?

பி.ஜே.சி.பி. தாளில் மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த மதிப்புக்கு 10, ஆக 50. 45ம் அதற்கு மேலும் பெறுவது உலகத் தரம். 38 முதல் 44 வரை மிகச் சிறப்பு. 30 முதல் 37 வரை நன்று, ஆனால் சிறு பிசகுகள் உண்டு. 21 முதல் 29 வரை பாணியைத் தவறவிட்டது அல்லது சிறு குறைகள் கொண்டது. 13ம் அதற்குக் கீழும் என்றால் பெருங்குறை.

எண்ணைவிட அதன் அருகில் எழுதும் குறிப்புதான் பீர் காய்ச்சியவருக்குப் பயன்படும். ஒரு கற்பனைப் பீரை எடுத்துக்கொள்வோம். வாழைப்பழமும் ஆரஞ்சுத் தோலும் நன்றாக மணக்கின்றன, கிராம்பு லேசாக இருக்கிறது, நிறம் பொன், நுரை உறுதி. வாயில் வைத்ததும் பழம், பிறகு கசப்பு; ஆனால் முடிவில் ஒட்டும் இனிப்பு மிஞ்சி, கசப்பு அதன்மேல் தனியாக மிதக்கிறது. நான் மணத்துக்கு 10, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 13, வாயுணர்வுக்கு 3, ஒட்டுமொத்தத்துக்கு 6 என்று 35 கொடுப்பேன். குறிப்பில் “இனிப்பாக இருந்தது” என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். “நொதித்தல் இன்னும் ஆழமாகச் சென்றிருந்தால் முடிவு வறண்டு, கசப்பு தன் இடத்தில் அமர்ந்திருக்கும், மால்ட்டில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சர்க்கரை சேர்த்துப் பார்க்கலாம்” என்று எழுதினால், அடுத்த முறை அவர் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

எனக்குக் கிராம்பு மணமே பிடிக்காது. நான் இந்தப் பாணியை நேர்மையாக மதிப்பிட முடியுமா?

முடியும், ஆனால் பிடிக்காததைக் குறையென்று எழுதாமல் இருக்கும் கட்டுப்பாடு வேண்டும். கிராம்பு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, எவ்வளவு இருக்கிறது என்பது இரண்டாவது, அந்த அளவு ஹாப்ஸுக்கு இடம் விடுகிறதா என்பது மூன்றாவது. உங்கள் விருப்பத்துக்கு இந்த மூன்றிலும் வேலையில்லை. அதற்கு இடம் கொடுக்கவே ஒட்டுமொத்த மதிப்பு என்ற 10 மதிப்பெண் இருக்கிறது என்று சிலர் சொல்வதுண்டு; எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பத்தும்கூட, அந்தப் பீர் தான் நினைத்ததைச் சாதித்ததா என்பதற்குத்தான்.

வாங்கி வைத்துப் பழசாக்கினால் சிறக்குமா?

வலுவான பெல்ஜிய ஏல்கள் பலவற்றைச் சில ஆண்டுகள் வைக்கலாம் என்பதால் இந்த ஐயம் எழுகிறது. இந்தப் பாணிக்கு அது பொருந்தாது. ஹாப்ஸின் மணம் மாதக் கணக்கில் மங்கிக்கொண்டே போகும். ஈஸ்ட்டின் மணம் நிற்கும். ஓராண்டு கழித்துத் திறந்தால் கையில் இருப்பது சற்றுக் கசப்பான ட்ரிப்பெல், மோசமில்லாத பானம், ஆனால் ஐ.பி.ஏ. இல்லை. மதிப்பிடுவதாக இருந்தால் புட்டியில் அடைத்த தேதியைப் பாருங்கள். குளிர்பெட்டியில், இருட்டில், நிமிர்த்தி வைத்த, மூன்று மாதங்களுக்குள்ளான புட்டியாக இருப்பது நல்லது.

ஒரே அமர்வில் எத்தனை மாதிரிகளைச் சுவைக்கலாம்?

இதன் கசப்பும் ஆல்கஹாலும் நாக்கை விரைவில் களைப்பாக்கும். ஒரு மாதிரிக்கு 60 முதல் 90 மில்லிலிட்டர் போதும். ஆறுக்கு மேல் போனால் கடைசிப் பீர்களுக்கு அநீதி நேரும். முதலில் சுவைத்ததை இறுதியில் மறுபடி சுவைத்துப் பாருங்கள். மதிப்பெண் வெகுவாக மாறினால் நாக்கு சோர்ந்துவிட்டது, நிறுத்திவிடலாம். ஒயின் சுவைப்பவர்களைப்போலத் துப்பிவிடுவது பீர் நடுவர்களிடம் வழக்கமில்லை. விழுங்கியபின் தொண்டையில் தங்கும் கசப்பும் மூக்கில் திரும்பி எழும் மணமும் மதிப்பீட்டின் பெரும்பகுதி. ஆகவே 9% பீரில் ஆறு மாதிரி என்பது மெய்யாகவே குடித்த கணக்குதான். சாப்பிட்டுவிட்டு அமருங்கள், இடையிடையே தண்ணீர் குடியுங்கள், வீடு திரும்ப வண்டியை வேறொருவர் ஓட்டட்டும்.